கேள்வி - பதில்: மெயின் ரோடு ஏன் இப்படி ஆயிடுச்சு?

போன இதழ்ல ஒரு வாசகர், சின்ன ஊர்களோட கடைவீதி எல்லாம் ஏன் இப்படி டல்லடிக்குதுன்னு கேட்டிருந்தாரு, இடம் இல்லாததால ரெண்டே வரியில முடிச்சிட்டேன். விடுவீங்களா நீங்க? கடைக்காரங்க, வாடகைக்கு விட்டவங்க, ரிட்டயர் ஆனவங்கன்னு எல்லாரும் எழுதி அனுப்பிட்டீங்க. அதனால இந்த வாரம் சினிமா கேள்வி, அரசியல் கேள்வி எல்லாம் ஓரமா வச்சிட்டு முழுக்க கடைவீதி தான்.

கே: சார், ஆன்லைன் தான் கடைவீதியைக் கொன்னுச்சுன்னு ஊரே சொல்லுது. நீங்களும் அதையேதான் சொல்வீங்களா? (துணிக்கடை வச்சிருக்கிற வாசகர்)

ப: மாட்டேன். கூட்டமா ஒருத்தனைப் போட்டு அடிக்கும்போது கடைசியா வந்து ஒரு தட்டு தட்டிட்டு போலீஸ்ல மாட்டிக்கிறவன் ஒருத்தன் இருப்பான்ல, ஆன்லைன் அந்த ஆளு. முதல் அடி எப்பவோ விழுந்தாச்சு.

அமெரிக்கா கதையை எடுத்துக்கங்க, அங்கதான் இதை வருஷ வாரியா எழுதி வச்சிருக்காங்க. 1872லயே மாண்ட்கோமரி வார்டுன்னு சிகாகோக்காரர் ஒரே ஒரு தாள்ல சாமான் பட்டியலும் விலையும் அடிச்சு தபால்ல அனுப்ப ஆரம்பிச்சிட்டாரு. அப்புறம் சியர்ஸ்னு இன்னொரு கம்பெனி வந்து அதையே தடி புத்தகமா போட்டாங்க. 1896ல கிராமத்து வீட்டு வாசல் வரைக்கும் இலவசமா தபால் குடுக்கிற திட்டம் ஆரம்பிச்சுது, 1913 ஜனவரி 1ல இருந்து பெரிய பார்சலையும் தபால்காரரே கொண்டு வந்து குடுத்தாரு. இந்த பார்சல் திட்டத்தை ஊர்க் கடைக்காரங்க எவ்ளோ எதிர்த்தாங்கன்னு படிச்சா, இன்னைக்கு நீங்க எழுதின லெட்டரும் அதுவும் ஒரே மாதிரி இருக்கும் சார், வார்த்தைக்கு வார்த்தை.

அடுத்து செயின் கடை, அதாவது ஒரே பேர்ல ஊர் ஊரா கிளை வைக்கிற கடை. 1879ல உல்வொர்த், எதை எடுத்தாலும் 5 சென்ட் 10 சென்ட்னு போட்டு கூட்டத்தை அள்ளினாரு. 1916ல மெம்பிஸ்ல பிக்லி விக்லின்னு ஒரு மளிகைக்கடை திறந்தாங்க. அதுக்கு முன்னாடி மளிகைக்கடைன்னா நீங்க கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லணும், கடைப்பையன் உள்ள போய் எடுத்துட்டு வந்து பொட்டலம் கட்டித் தருவான். இவங்க கூடையை கையில குடுத்து நீங்களே எடுத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க, பொருளை எடுத்துட்டு வெளியே வர்ற வழியில கல்லா. இது சும்மா ஒரு மாற்றம் மாதிரி தெரியும் ஆனா யோசிச்சுப் பாருங்க, கடைக்காரர் உங்க பேரைத் தெரிஞ்சு வச்சிருக்கணும்ங்கற அவசியமே அன்னைக்கோட போச்சு. செயின் கடை மலிவா கொள்முதல் பண்ணுதுன்னு சின்ன கடைக்காரங்க கத்தி கத்தி 1936ல ராபின்சன் பேட்மன்னு ஒரு சட்டமே வந்துச்சு. பெருசா ஒண்ணும் நிக்கல.

அப்புறம் காரு. கார் வந்ததும் கடைவீதிக்கு முதல்ல கொண்டாட்டம்தான், சுத்துப்பட்டு ஆளுங்க எல்லாம் வந்தாங்க. ஆனா நிறுத்த இடம் இல்ல. 1935ல ஓக்லஹோமா சிட்டியில காசு போட்டா இவ்ளோ நேரம்தான் வண்டி நிறுத்தலாம்னு கணக்கு வைக்கிற பார்க்கிங் மீட்டரை உலகத்துலயே முதல்ல வச்சாங்க, ஏன் தெரியுமா, அங்க வேலை செய்யறவங்களே காலையில வண்டியை விட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் எடுக்க மாட்டாங்க, வாங்க வர்றவன் நாலு ரவுண்டு சுத்திட்டு வீட்டுக்குப் போயிடுவான். இப்பவும் பல ஊர்ல கதை இதேதானே, கடை வாசல்ல நிக்கிற வண்டி யாரோடதுன்னு பார்த்தா முதலாளியோடதா இருக்கும்.

1956தான் பெரிய அடி. அந்த வருஷம் ஜூன்ல 41,000 மைல் ஹைவே போடுற சட்டத்துல ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்து போட்டாரு, அக்டோபர்ல மினசோட்டாவுல சவுத்டேல்னு முழுக்க மூடின, ஏசி போட்ட முதல் மால் திறந்துச்சு. அதை டிசைன் பண்ண விக்டர் க்ரூயன் வியன்னாவுல இருந்து தப்பிச்சு வந்தவரு. அவர் மனசுல இருந்தது மால் மட்டும் இல்ல, சுத்தி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரின்னு ஒரு ஊரே வேணும்னாரு. கட்டினவங்க கடையையும் பார்க்கிங்கையும் மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுட்டாங்க, கடைசி காலத்துல மனுஷன் இதெல்லாம் என் புள்ளையே இல்லன்னு கை கழுவிட்டாரு. 1962ல வால்மார்ட், கேமார்ட், டார்கெட் மூணும் ஒரே வருஷத்துல முதல் கடை போட்டுது. அமேசான் புத்தகம் விக்க ஆரம்பிச்சது 1995ல. கணக்கு போட்டுப் பாருங்க, அதுக்கு முன்னாடியே எத்தனை கை விழுந்திருக்குன்னு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. கடைவீதியோட தலையெழுத்தை கடைவீதியில யாரும் எழுதலை. தபால் ஆபீஸ்ல எழுதினாங்க, சட்டசபையில எழுதினாங்க, ஊருக்கு வெளியில காலியா கிடந்த நிலத்துல எழுதினாங்க. கெட்ட பேர் மட்டும் கல்லாவுல உக்காந்திருக்கிறவருக்கு, அவருக்கு மாறத் தெரியலைன்னு. எனக்கு இதுல கோவமே வரும்.

கே: எங்க ஊருக்கு பைபாஸ் வரப்போகுது. நல்லதா கெட்டதா? ஒரே வரியில சொல்லுங்க.

ப: ஒரே வரி: லாரி போகும், கூட அதுல வந்த காசும் போகும்.

ரெண்டாவது வரியும் சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல ரூட் 66ன்னு 1926ல போட்ட ரோடு, நூத்துக்கணக்கான சின்ன ஊர் நடுவுல புகுந்து போகும், அந்த ஊர்ல எல்லாம் அதுதான் மெயின் ரோடு. அரிசோனாவுல செலிக்மன்னு ஒரு சின்ன ஊரு, 1978 செப்டம்பர் 22 அன்னைக்கு பக்கத்துல புது ஹைவே திறந்தாங்க. அவ்ளோதான், வாசல்ல ஓடிக்கிட்டிருந்த வண்டி எல்லாம் ஒரே நாள்ல காணாம போச்சு. படிப்படியா குறைஞ்சிருந்தாலாவது ஆளுங்க சுதாரிச்சிருப்பாங்க. 1985ல ரூட் 66ங்கற நம்பரையே பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. அங்க முடிவெட்டுற கடை வச்சிருந்த ஏஞ்சல் டெல்காடில்யோவும் அவர் ஊர்க்காரங்களும் 1987ல சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சு, இது சரித்திர ரோடுன்னு அரசாங்கத்தையே அறிவிக்க வச்சாங்க. அப்புறம் அந்த பழைய ரோட்டைப் பார்க்கவே உலகம் பூரா இருந்து ஆளுங்க வந்தாங்க. அதே ரோட்டுல டெக்சாஸ் எல்லையில க்ளென்ரியோன்னு இன்னொரு ஊரு, 1970கள்ல ஹைவே விலகிப் போச்சு, பெரும்பாலும் ஆளில்லாத கட்டடம்தான் மிச்சமாச்சு.

ஆனா செலிக்மன் பொழைச்சதைப் பார்த்து நாமளும் டூரிஸ்ட் ஊரா ஆயிடலாம்னு கிளம்பிடாதீங்க. எல்லா ஊரும் டூரிஸ்ட் ஊர் ஆனா பார்க்க வர்றதுக்கு யார் மிச்சம் இருப்பா. பைபாஸ் வர்ற ஊர் முதல்ல பார்க்க வேண்டியது ஒண்ணுதான்: உங்க கடைக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் ஊர்க்காரங்க, எத்தனை பேர் வழிப்போக்கங்க. ஊர்க்காரங்களை நம்பின கடைக்கு லாரி ஒழிஞ்சா லாபம்தான், ரோட்டை பயமில்லாம தாண்டலாம். வழிப்போக்கங்களை நம்பின கடை அவங்க பின்னாடியே பைபாஸுக்குப் போயிடும், அதைத் தடுக்க முடியாது.

கே: பழைய கடைவீதி போட்டோ எந்த ஊருது பார்த்தாலும் ஒரே சாயல்ல இருக்கே, எப்படி? (ரிட்டயர்டு டீச்சர்)

ப: நல்ல கண்ணு டீச்சர் உங்களுக்கு. ரோட்டைப் பார்த்த முகப்புக்கு எப்பவும் கிராக்கி, அதனால மனையை குறுகலா, ஆழமா பிரிப்பாங்க. முன்னாடி கடை, பின்னாடி குடோன், மாடியில முதலாளி குடும்பம். இது உலகம் பூரா கிட்டத்தட்ட தானாவே வந்த அமைப்பு. மாடியில ஆள் குடியிருந்ததால ராத்திரியிலயும் ரோட்டுல வெளிச்சம் இருக்கும், திருட்டு பயம் கம்மி. என்னைக்கு முதலாளி ஊருக்கு வெளியில தனி வீடு கட்டிப் போனாரோ அன்னைக்கே மாடி இருட்டாச்சு. இதை யாரும் பெருசா பேசறதில்ல, ஆனா எனக்கென்னவோ கடை மூடினதை விட மாடி காலியானதுதான் பெரிய நஷ்டம்னு தோணும்.

இன்னொரு தமாஷ் சொல்றேன். அமெரிக்க சின்ன ஊர்கள்ல பூ வேலைப்பாடு, தூண் எல்லாம் வச்ச பழைய கடை முகப்பைப் பார்த்து ஆஹா அந்தக் காலத்து உள்ளூர் கைவேலைன்னு உருகுவாங்க. அதுல ஏகப்பட்டது மெஸ்கர்னு சொல்ற கம்பெனிகளோட கேட்டலாக்ல பார்த்து ஆர்டர் பண்ணி, தகரத்துலயும் இரும்புலயும் அடிச்சு ரயில்ல வந்து இறங்கினது. அதாவது கேட்டலாக் வியாபாரத்தை கரிச்சுக் கொட்டின அதே கடைக்காரரோட கடை மூஞ்சியே கேட்டலாக்ல வந்ததா இருந்திருக்கும்.

அப்புறம் 1950கள்ல, 60கள்ல ஷாப்பிங் மாலைப் பார்த்து பயந்து போய் நாமளும் மாடர்ன் ஆகணும்னு அந்த முகப்பு மேல அலுமினியத் தகடு போட்டு மூடிட்டாங்க, ஜன்னலோட சேர்த்து. 1977ல அமெரிக்க பாரம்பரியக் கட்டட அறக்கட்டளை ஒண்ணு கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ்னு மூணு சின்ன ஊரை எடுத்து கடைவீதியை நிமிர்த்த முடியுதான்னு சோதனை பண்ணிச்சு, 1980ல அது நாடு தழுவின திட்டமாச்சு. அந்த மாதிரி ஊர்கள்ல முதல்ல நடக்குற வேலை என்னன்னா தகட்டைக் கழட்டறது. பல இடத்துல உள்ள பழைய செங்கல் அப்படியே பத்திரமா இருக்கும். உங்க ஊர் கடைவீதியில நடக்கும்போது ஒரு தடவை போர்டுக்கு மேல நிமிர்ந்து பாருங்க, கீழ இருக்கிற கடை எத்தனை மாறினாலும் மேல மாறியிருக்காது.

கே: அந்தக் காலத்துல கடைவீதி எவ்ளோ அழகா, அன்பா இருந்துச்சு! இப்ப எல்லாமே போச்சே சார்?

ப: யாருக்கு அன்பா இருந்துச்சு?

1960 பிப்ரவரி 1, வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்போரோ. ஊர் நடுவுல எல்ம் ஸ்ட்ரீட்ல நான் மேல சொன்ன அதே உல்வொர்த் கடை. கறுப்பின மக்கள் உள்ள வந்து சோப்பு வாங்கலாம், சீப்பு வாங்கலாம், காசை வாங்கி கல்லாவுல போட்டுக்குவாங்க, ஆனா அதே கடையில சாப்பாட்டு கவுண்டர்ல உக்காரக் கூடாது. நாலு காலேஜ் பசங்க போய் உக்காந்தாங்க. காபி குடுக்கல. எந்திரிக்கவும் இல்ல. மறுநாள் இன்னும் நிறைய பேர் வந்து உக்காந்தாங்க, அப்புறம் பக்கத்து ஊர், பக்கத்து மாநிலம்னு பரவுச்சு. ஜூலை மாசம் 25ஆம் தேதி கடைக்காரங்க இறங்கி வந்தாங்க. அந்த கட்டடம் இப்ப மியூசியம், 2010ல அதே பிப்ரவரி 1 அன்னைக்கு திறந்தாங்க. அந்தக் காலத்து கடைவீதி போட்டோவுல தெரியற கூட்டத்துல யார் யார் எங்க வரைக்கும் போகலாம்னு ஒரு கோடு இருந்துச்சு, போட்டோவுல கோடு விழாது.

அழகு விஷயமும் அப்படித்தான். குதிரைச் சாணி, புழுதி, மழை பெய்ஞ்சா முழங்கால் சேறு, இதெல்லாம் போட்டோவுல நாறாதுல்ல. 1955ல டிஸ்னிலாண்ட் திறந்தப்ப வாசல்லயே ஒரு கடைவீதி கட்டினாங்க, வால்ட் டிஸ்னி சின்ன வயசுல இருந்த மார்சலின்ங்கற ஊரை மனசுல வச்சு. மாடியை எல்லாம் நிஜ அளவை விட சின்னதா கட்டி, கட்டடம் உயரமா தெரியற மாதிரி கண்கட்டு வேலை பண்ணியிருப்பாங்க. நம்ம ஞாபகத்துல இருக்கிற கடைவீதியும் பாதி அந்த மாதிரி கட்டினதுதான்.

கே: ரோட்டுல வண்டியே விடாம நடக்கிறவங்களுக்கு மட்டும்னு ஆக்கிட்டா வியாபாரம் கூடுமா குறையுமா?

ப: ரெண்டும் நடந்திருக்கு. அமெரிக்காவுல கலமசூங்கற ஊர்ல 1959ல, நம்ம க்ரூயன் திட்டப்படிதான், கடைவீதியில வண்டியே வரக்கூடாதுன்னு தடுத்துட்டு செடி, பெஞ்சு எல்லாம் போட்டாங்க. அதைப் பார்த்து இன்னும் நிறைய ஊர் பண்ணுச்சு. முக்கால்வாசி ஊத்திக்கிச்சு, திரும்ப தார் போட்டு வண்டியை விட்டுட்டாங்க. கலமசூவே 1998ல ஒரு பகுதியில வண்டியை விட்டுது. ஆனா 1962ல கோபன்ஹேகன் ஸ்ட்ரோயட் தெருவுல இதையே பண்ணினப்ப கடைக்காரங்க எங்க வியாபாரம் படுத்துடும்னு சண்டை போட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் நிக்குது, நல்லா நிக்குது.

வித்தியாசம் பெஞ்சுலயும் செடியிலயும் இல்ல. கோபன்ஹேகன்ல அந்த தெருவைச் சுத்தி ஜனம் குடியிருந்துச்சு, சைக்கிள்லயும் நடந்தும் வந்து போச்சு. அமெரிக்க ஊர்கள்ல ஜனம் ஏற்கனவே வெளியில குடி போயாச்சு, கார்லதான் வரணும், வந்தா நிறுத்த இடம் இல்லைன்னா மாலுக்குப் போயிடுவான். அதனால உங்க ஊர்ல இதைப் பேசும்போது முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, நடந்து வர்ற தூரத்துல எத்தனை குடும்பம் இருக்கு. அது கம்மின்னா எவ்ளோ அழகா கல்லு பதிச்சாலும் புறாதான் நடக்கும்.

கே: எங்க கடைவீதியில பாதி ஷட்டர் மூடியே கிடக்கு. ஆனா வாடகைக்கு கேட்டா தர மாட்டேங்கறாங்க. என்ன மனசு இது? (கடை தேடிக்கிட்டு இருக்கிற இளைஞர்)

ப: இது உங்க ஊர் நோய் மட்டும் இல்ல தம்பி. ஜப்பான்ல மூடின ஷட்டரா வரிசையா கிடக்கிற தெருவுக்கு ஷட்டர் தெருன்னே பேர். அங்க 1974ல இருந்து ஒரு சட்டம் இருந்துச்சு, பெரிய கடை திறக்கணும்னா உள்ளூர் கடைக்காரங்களோட பேசி முடிச்சுட்டுதான் திறக்கணும், அந்த பேச்சுவார்த்தை சில சமயம் வருஷக்கணக்குல இழுக்கும். அமெரிக்கா நெருக்கி நெருக்கி சட்டத்தைத் தளர்த்த வச்சுது. 1992 ஜனவரில நாரா மாவட்டத்துல ஒரு அமெரிக்க பொம்மைக் கடைக்கு அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த புஷ்ஷே நேர்ல போய் நின்னாருன்னா பார்த்துக்கங்க. 2000ல அந்த சட்டமே போச்சு. பெரிய கடை ஊர் எல்லைக்கு வந்துச்சு, சின்ன கடை ஷட்டர் இறங்குச்சு.

இறங்கின ஷட்டர் ஏன் ஏறலைங்கறதுதான் உங்க கேள்வி. கடைக்காரருக்கு வயசாச்சு, புள்ளைங்க வேற ஊர்ல. அவர் குடியிருக்கிறது அதே கட்டடத்து மாடியில இல்லன்னா பின்கட்டுல. கீழ யாரையாவது வச்சா அவங்களோட மல்லுக்கட்டணும், கடை வழியாத்தான் வீட்டுக்குப் போற வழின்னா அது வேற தொல்லை. வீடா இருக்கிற மனைக்கு அங்க சொத்து வரியில பெரிய சலுகையும் உண்டு, அதனால சும்மா பூட்டி வச்சாலும் பெருசா கையைக் கடிக்காது. அவர் கணக்குல இது சரிதான், தெருவோட கணக்குலதான் நஷ்டம்.

தகமட்சுங்கற ஊர்ல மருகமெமாச்சி கடைவீதிக்காரங்க இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. நிலம் அவங்கவங்க பேர்லயே இருக்கட்டும், ஆனா எல்லாரும் நிலத்தை 60 வருஷ குத்தகைக்கு ஒரு பொதுக் கம்பெனிக்கு விட்டுடணும், எந்த கடை எங்க வரணும்னு அந்த கம்பெனி முடிவு பண்ணும், வாடகை பங்கு பிரியும். 2006ல முதல் பகுதி திறந்துச்சு, மேல வீடுகளும் கட்டினாங்க. ஆனா இதுக்கு அண்ணன் தம்பியே ஒத்துக்காத ஊர்ல பக்கத்து கடைக்காரர் ஒத்துக்கணும், வருஷக்கணக்கா பேசித்தான் நடந்திருக்கு. நீங்க இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க, மொத்தமா வாடகைக்குன்னு கேக்காம பாதி ஷட்டர், ஒரு வருஷம், எழுத்துல குடுக்கறேன்னு கேட்டுப் பாருங்க. பயம் போனா பெரியவர் சம்மதிக்கலாம்.

கே: நல்ல கடை போன இடத்துல ஏன் எப்பவும் மட்டமான கடை வருது?

ப: மட்டம்னு சொல்லாதீங்க, வாடகையும் வரியும் எந்த கடையை விடுதோ அது வருது. பிரிட்டன்ல 1909ல வந்த உல்வொர்த், 2009 ஜனவரியில மொத்தமா மூடினப்ப 800க்கு மேல கடை ஒரே நேரத்துல காலியாச்சு, சுமார் 27,000 பேருக்கு வேலை போச்சு. பல ஊர்ல மெயின் ரோட்டுல பெரிய இடம் அதுதான். அங்க கடைக்கு வரி, கட்டடத்தோட வாடகை மதிப்பை வச்சுத்தான், வியாபாரம் நடந்தாலும் நடக்காட்டியும் கட்டணும். தர்ம ஸ்தாபனம் நடத்துற கடைக்கு அதுல 80 சதவீதம் தள்ளுபடி. அப்ப தெருவுல தர்மத்துக்கு பழைய துணி விக்கிற கடையா வந்தா ஜனத்தோட ரசனை கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா? ஊருக்கு வெளியில குடோன் வச்சு ஆன்லைன்ல விக்கிறவனுக்கு சதுர அடிக்கு வாடகை மதிப்பு கம்மி, அதனால வரியும் கம்மி. பாருங்க, மறுபடியும் தெருவுக்கு வெளியிலதான் வந்து நிக்கறோம்.

கே: எங்க தெரு எப்படி மாறிச்சுன்னு எழுதி வைக்கணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கிறது?

ப: போட்டோ தேடி அலையறதுக்கு முன்னாடி வயசான ரெண்டு மூணு பேரை உக்கார வச்சு, இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் கடை வரிசையை மட்டும் சொல்லச் சொல்லுங்க. "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா பொதுவா ஏதாவது சொல்லிட்டுப் போயிடுவாங்க, "தையக்கடைக்கு அடுத்து என்ன"ன்னு கேட்டா சண்டை வரும், அந்த சண்டையிலதான் விஷயமே வெளிய வரும். அப்புறம் பழைய பில் புக்கு, லெட்டர் பேடு, கல்யாணப் பத்திரிகை அச்சடிச்ச பிரஸ் பேரு, சொத்து வரி ரசீது. அமெரிக்காவுல 1867ல இருந்து சான்பார்ன் கம்பெனி தீ இன்சூரன்ஸுக்காக ஒவ்வொரு கட்டடமும் செங்கல்லா மரமா, உள்ள என்ன கடைன்னு மேப் போட்டு வச்சாங்க, இன்னைக்கு சரித்திரம் எழுதறவங்களுக்கு அது தங்கச் சுரங்கம். வரலாறுக்காக போட்டது இல்ல, தீப்பிடிச்சா எவ்ளோ குடுக்கணும்னு கணக்கு பார்க்க போட்டது. உங்க ஊர்லயும் அப்படி வேற எதுக்காகவோ எழுதி வச்ச பேப்பர்தான் உதவும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவுல உங்க தெருவுக்கு பழைய வருஷப் படம் இருந்தா அதையும் பாருங்க. இன்னைக்கு தேதியில தெரு முழுக்க ஒரு போட்டோ எடுத்து, பின்னாடி தேதி எழுதி வைங்க, தேதி இல்லாத போட்டோவை வச்சுக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

கே: கடைசி வரைக்கும் மெயின் ரோட்டுல தாங்கப் போற கடை எது? பந்தயம் கட்டுங்க பார்ப்போம்!

ப: முடிவெட்டுற கடை. தலையை பார்சல்ல அனுப்ப முடியாதே.